காசு கொடுத்துக் கல் வாங்கிய கதை

பனி உருகி நிலம் தெரிய ஆரம்பித்த ஒரு பெப்ரவரிச் சனிக்கிழமை. முன்பக்கச் சரிவில் போய்ப் பார்த்தால் போன வசந்தத்தில் நட்ட 14 செடியில் 9 செத்துக் கிடந்தன. காய்ந்து சாகவில்லை. இலையைத் தொட்டால் கையோடு வந்தது, தண்டும் வேரும் சேர்கிற கழுத்துப் பகுதி கறுத்து வழுவழுவென்று இருந்தது, தோண்டினால் வேரில் ஊசிப்போன சோற்று மணம். இத்தனைக்கும் இவை ஆல்ப்ஸ் மலையில் இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் வருடத்தில் பாதிக்கு மேல் பனிக்குள் கிடந்து பழகிய சாதி. நாங்கள் இருக்கிறது பேர்ண் நகரத்துக்குப் பக்கத்தில், 560 மீட்டர் உயரம், அந்தக் குளிர்காலம் மைனஸ் 9க்குக் கீழே ஒரு நாளும் இறங்கவில்லை. குளிர் தாங்காமல் செத்தது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

காரணத்தைக் கண்டுபிடித்து, முழுவதையும் கிளறி எறிந்து, திரும்பக் கட்டி, இப்போது புதுக் கற்பாத்தி, அதாவது கல்லுக்கு நடுவே மலைச்செடி வளர்க்கிற பாத்தி, மூன்று குளிர்காலம் தாண்டிவிட்டது. நடுவில் விட்ட பிழைகளையும் சேர்த்தே எழுதி வைக்கிறேன். சுவிஸில் எங்கள் ஆட்கள் தோட்டம் என்றால் மிளகாய், கத்தரி, வெந்தயக்கீரை என்றுதான் போடுவார்கள். நானும் பின்பக்கம் போட்டிருக்கிறேன், அதைப்பற்றி எழுத ஆட்கள் நிறைய. இது வாசல் படிக்குப் பக்கத்தில், புல் வெட்டுகிற மெஷின் ஏறாமல் சும்மா கிடந்த ஒரு சரிவின் கதை. நீளம் 3 மீட்டர், அகலம் 1.6 மீட்டர், முகம் தென்கிழக்கு. வீட்டுக்காரர் "கொங்கிறீட் மட்டும் போடாதே" என்று சொல்லிச் சம்மதித்தார்.

முதல் வருடம் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். கடையில் கற்பாத்திக்கு ஏற்றது என்று சீட்டுக் குத்தி, பூவோடு அடுக்கி வைத்திருந்த சாடிகளில் வடிவானதாகப் பார்த்து 14 வாங்கினேன். கூடவே ஆறு பை கொம்போஸ்ட், காய்ந்த மாட்டுச் சாணம் இரண்டு பை. இருந்த மண்ணைக் கொத்தி எல்லாவற்றையும் கலந்து நட்டு, மேலே ஆற்றங்கரையில் பொறுக்கின உருண்டைக் கற்கள் பத்துப் பன்னிரண்டை, பொங்கலுக்கு மேலே முந்திரிப்பருப்பு தூவுகிற மாதிரி அங்கங்கே வைத்தேன். பின்னேரமானால் தண்ணீர். ஊரில் பூங்கன்றுக்குப் பின்னேரம் தண்ணீர் விடாமல் இருப்பது பாவம் என்று வளர்ந்த ஆள் நான்.

அந்தக் கோடையில் எல்லாம் பிரமாதமாகத்தான் வளர்ந்தது, அதுதான் ஏமாற்று. எடல்வைஸ் என்கிற ஆல்ப்ஸ் பூச்செடி 30 சென்டிமீட்டர் உயரத்துக்குப் போய், பச்சை பாய்ந்து, காற்றுக்குச் சாய்ந்து நின்றது. அது மலையில் விரல் நீளம்தான் வளரும், பூ வெள்ளைக் கம்பளித் துணியில் வெட்டி ஒட்டியது போல இருக்கும். அந்த வெள்ளை இதழே இல்லை, மயிர் மூடிய இலை. நடுவில் இருக்கிற சின்ன மஞ்சள் பொட்டுகள்தான் பூ. மலை வெயிலும் காற்றும் தன்னை உலர்த்திவிடாமல் இருக்கத்தான் அது போர்வை போர்த்துகிறது. நான் சோறும் தண்ணீரும் தாராளமாகப் போட்டதால் போர்வையைக் கழற்றி வைத்துவிட்டது. அப்போதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

சரி, செத்ததற்கு வருவோம். மேல்மாடியில் ஒரு வயதான சுவிஸ் அம்மா இருக்கிறார், மலைக் கிராமத்தில் பிறந்து வளர்ந்தவர். நான் செடிகளைப் பிடுங்கிப் போடுவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, மண்ணை ஒரு பிடி எடுத்து உருட்டினார். சீடை மாதிரி உருண்டு வந்தது. ஒன்றும் சொல்லாமல் அதை என் கையில் தந்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்கே 30 சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரு குழி வெட்டித் தண்ணீர் நிரப்பி விட்டேன். அடுத்த நாள் காலை அரைவாசித் தண்ணீர் அப்படியே நின்றது. பேர்ண் பகுதி முழுவதும் ஒரு காலத்தில் ஆரே பனியாற்றுக்குக் கீழே கிடந்த இடம், அது அரைத்து விட்டுப்போன களிதான் எங்கள் வாசலில் இருப்பது.

விஷயம் இதுதான். மலையில் பனி ஒரு மீட்டருக்கு மேல் மூடிக் கிடக்கும். அதற்குக் கீழே வெப்பம் பூச்சியத்துக்குப் பக்கத்திலேயே நிற்கும், தண்ணீர் ஓடாது, காற்று அடிக்காது, செடி அப்படியே தூங்கும். உருகும்போதும் சரிவும் சரளையுமாக இருப்பதால் தண்ணீர் நிற்காமல் இறங்கிவிடும். இங்கே கீழே வந்தால் நவம்பரிலிருந்து மழை, மூடுபனி, மூன்று நாள் உறைவு, இரண்டு நாள் இளக்கம், திரும்ப மழை. பனி விழுந்தாலும் ஒரு கிழமை நிற்பதில்லை. தூங்கப் போன செடி ஈரப் பாயில் நான்கு மாதம் படுத்தால் என்ன ஆகும்? போதாததற்கு நான் போட்ட சாணத்தில் இலையெல்லாம் கீரைத்தண்டு போல இளசாக இருந்தது. அழுகாமல் என்ன செய்யும்.

அந்த ஜூலையில் குடும்பமாக ஷீனிகே பிளாட்டே என்கிற மலைக்குப் போனோம். வில்டர்ஸ்வில்லில் இருந்து மேலே போகிற பல்சக்கர ரயில் 1893இல் இருந்து ஓடுகிறது, ஏறி முடிய 50 நிமிடம் மட்டில் ஆகும். 1,967 மீட்டரில் இருக்கிற ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே ஆல்ப்ஸ் தாவரத் தோட்டம். செடிகளை வரிசையாகப் பாத்தி கட்டி வைக்காமல், மலையில் எது எதோடு சேர்ந்து வளருமோ அப்படியே கூட்டங்கூட்டமாக விட்டு, பக்கத்தில் பெயர்ப்பலகை வைத்திருக்கிறார்கள். மனைவியும் பிள்ளைகளும் ஐகர், மோன்க், யுங்ஃப்ரவ் சிகரங்களைப் பின்னால் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு நிற்க, நான் சரளைச் சரிவுப் பகுதியில் குந்திவிட்டேன். வெறும் கல். அதற்குள்ளே இருந்து பூ. நடைபாதையோரத்துச் சரளையில் விரலை விட்டுப் பார்த்தேன். மேலே நாலு விரற்கடை காய்ந்த கல், அதற்குக் கீழே சில்லென்ற ஈரம். வேர் கீழே ஈரத்தில், கழுத்து மேலே காய்ந்த கல்லில். நான் வீட்டில் செய்திருந்தது அப்படியே தலைகீழ்.

ஓகஸ்ட் கடைசியில் வேலை தொடங்கினேன். மச்சான் இரண்டு சனிக்கிழமை வந்து நின்றதால் முடிந்தது, தனியாகச் செய்கிற வேலை இல்லை இது. முழுச் சரிவையும் 40 சென்டிமீட்டர் தோண்டினோம். 30 தள்ளுவண்டிக்கு மேல் மண். அதைப் பின்பக்கம் கொண்டுபோய்க் கொட்டினதில் அடுத்த வருடம் பூசணி அமோகமாக வந்தது வேறு கதை. தோண்டும்போது வெள்ளை நூல் மாதிரி ஓடுகிற ஒரு புல்வேர் வரும், எங்கள் ஊர்க் கோரைக்கு அண்ணன். ஒரு துண்டு விடாமல் பொறுக்குங்கள். நான் முழுதும் பொறுக்கிவிட்டேன் என்று நினைத்தேன். இன்றைக்கும் 80 கிலோக் கல் ஒன்றின் கீழே இருந்து வருடத்துக்கு மூன்று தடவை எட்டிப் பார்க்கிறது, கல்லைத் தூக்காமல் அதை ஒன்றும் செய்ய முடியாது.

களிமண்ணில் தோண்டிய குழி ஒரு தொட்டி. அதில் எவ்வளவு சரளை போட்டாலும் தொட்டிக்குள் சரளை, அவ்வளவுதான். ஆகவே சரிவின் அடிப்பக்கத்தில் ஒரு வாய்க்கால் வெட்டி, குழியின் அடித்தளத்தை அதை நோக்கிச் சாய்த்து, உடைந்த செங்கல்லும் பெரிய கல்லும் 10 சென்டிமீட்டர் பரப்பினோம். வாளித் தண்ணீரை மேலே ஊற்றி, அது கீழே வாய்க்காலில் வந்து சேருகிற வரை நின்று பார்த்தேன். மச்சான் மணிக்கூட்டைப் பார்த்து, "ஒண்டரை நிமிஷம். காணுமோ?" என்றான். காணும்.

அடுத்தது கல். ஒரே சாதிக் கல்லாக வாங்க வேண்டும் என்று முதலே முடிவு. ஆற்றில் பொறுக்கின உருண்டைக்கல் வேலைக்கு ஆகாது, ஒன்றோடு ஒன்று பிடிக்காது, இடுக்கும் விழாது. யூரா மலைச் சுண்ணாம்புக்கல் 1.2 தொன் கொண்டுவந்து இறக்கினார்கள். உடைத்த சல்லிக்கல்லும் இறக்குகூலியும் சேர்த்து 600 பிராங்குக்குக் கொஞ்சம் கீழே. அன்றைக்குப் பின்னேரம் அம்மாவோடு வீடியோவில் கதைக்கும்போது குவியலைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"தம்பி, உதைக் காசு குடுத்தே வாங்கினனி?"

"ஓம் அம்மா."

"இஞ்சை உன்ரை அப்பா அலவாங்காலை கிண்டி எறிஞ்ச கல்லு வேலியோரம் இன்னும் கிடக்கு. சொல்லியிருந்தால் பொதி பண்ணி அனுப்பியிருப்பன்."

நியாயமான பேச்சுத்தான். யாழ்ப்பாணத்தில் எங்கள் காணி முழுக்கச் சுண்ணாம்புக்கல். கல்லை உடைத்து அள்ளி, செம்மண் கொண்டுவந்து நிரப்பித்தான் அப்பா வெங்காயம் நட்டார். அந்தக் கல்லை நம்பித்தான் காங்கேசன்துறையில் சீமெந்து ஆலையே கட்டினார்கள். அப்பா ஆயுள் முழுக்கச் செய்த வேலையை நான் பின்பக்கமாகச் செய்கிறேன், நல்ல மண்ணை அள்ளிக் கொட்டிவிட்டுக் கல்லை நிரப்புகிறேன்.

கையில் இருக்கிற கல் சுண்ணாம்புக்கல்தானா என்று தெரியாவிட்டால் வினாகிரி நாலு சொட்டு விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்பு. இது ஏன் முக்கியம் என்றால் மலைச்செடிகளில் சுண்ணாம்பை விரும்புவதும் உண்டு, கண்ணில் காட்டக்கூடாததும் உண்டு. ஆல்ப்ஸ் ரோஜா என்று சொல்கிற ரோடோடெண்ட்ரானிலேயே இரண்டு இனம். இலையின் அடி துருப்பிடித்தது போல இருக்கிறது புளிப்பு மண்ணுக்கு, இலையோரத்தில் மயிர் இருக்கிறது சுண்ணாம்பு மண்ணுக்கு. எங்கள் குழாய்த் தண்ணீர் கேத்தலில் மாதத்துக்கு ஒருமுறை வெள்ளைப் படை கட்டுகிறது, ஊர்க் கிணற்றுத் தண்ணீர் மாதிரியே. அந்தத் தண்ணீரை ஊற்றிக்கொண்டு புளிப்பு மண் செடிகளோடு மல்லுக்கட்ட எனக்கு விருப்பமில்லை.

கல் வைக்கிறதற்கு ஒரு முழுச் சனிக்கிழமை போனது, அதில் பாதி நேரம் எழும்பி வீதியில் நின்று பார்க்கிறதுதான். கல்லைக் கூர்ந்து பார்த்தால் படைபடையாகக் கோடு தெரியும். எல்லாக் கல்லிலும் அந்தக் கோடு ஒரே பக்கம் சாய வேண்டும், அப்போதுதான் நிலத்துக்குள் இருக்கிற ஒரு பெரிய பாறை அங்கங்கே வெளியே தலைகாட்டுவது போல இருக்கும். ஒவ்வொரு கல்லும் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு புதைய வேண்டும். மேல்முகம் சரிவின் உட்பக்கமாகச் சாய்ந்திருக்க வேண்டும், மழை உள்ளே வேருக்குப் போகும், வெளியே வழிந்து மண்ணை அரிக்காது. வைத்து முடித்து மேலே ஏறி நின்று ஆட்டிப் பார்த்தோம். ஆடினால் திரும்பக் கழற்று. அடிப்பகுதியில் தட்டைக் கற்களைக் கொஞ்சம் நெருக்கமாகச் செங்குத்தாக, புத்தகம் அடுக்குகிற மாதிரி 3 முதல் 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு நட்டேன். செக் நாட்டுத் தோட்டக்காரர்கள் பெயர் வாங்கின முறை இது, இடுக்குத் தோட்டம் என்று சொல்லலாம். செடிக்குப் பரந்த மண்ணைவிட இந்த இடுக்கு எவ்வளவு பிடிக்கும் என்று அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் முழுவதையும் அப்படியே செய்திருப்பேன்.

கலவை: உடைத்த சல்லி, 4 முதல் 8 மில்லிமீட்டர், இங்கே ஸ்ப்ளிட் என்று கேட்டால் தருவார்கள், அது இரண்டு பங்கு. கழுவின பருமணல் ஒரு பங்கு. சல்லடையில் அரித்த பழைய தோட்ட மண் ஒரு பங்கு. இரண்டு வருடம் உக்கின இலைமக்கு ஒரு பங்கு. சாணம், கொம்போஸ்ட், பசளை ஒன்றும் இல்லை. பதம் பார்க்கிறதற்கு எனக்குப் பிட்டுமா உதவியது. பிட்டுக்குக் குழைத்த மாவைப் பிடித்தால் பிடியாக நிற்கும், விரலால் தட்டினால் உதிரும். இந்தக் கலவை ஈரமாக இருக்கும்போது அதைவிட ஒருபடி மேலே போய், கையைத் திறந்த உடனேயே உதிர வேண்டும். பிடியாக நின்றால் இன்னும் சல்லி போடு. மச்சானுக்கு இந்த விளக்கம் உடனே விளங்கிவிட்டது. நிரப்பி, கல்லுக்குப் பின்னாலும் கீழேயும் ஒரு தடியால் குத்திக் குத்தி இறக்கி, மூன்று கிழமை மழைக்கு விட்டேன். நல்லவேளை, ஓரிடத்தில் ஒரு சாண் இறங்கிவிட்டது.

செப்டெம்பர் கடைசியில் நட்டேன். கடைச் சாடியில் இருக்கிறது கறுப்புப் பீட் மண் (சதுப்பு நிலத்து மக்கு), அதை அப்படியே நட்டால் கோடையில் காய்ந்து கட்டியாகும், குளிரில் ஈரப்பஞ்சாக நிற்கும், வேரும் அந்தக் கட்டியை விட்டு வெளியே போகாது. வாளித் தண்ணீரில் வேரை அலசி, கறுப்பு மண் பெரும்பாலும் போன பிறகு கலவையில் வைத்தேன். முதல் தடவை கை நடுங்கியது உண்மை. பல்சட்டில்லா என்கிற பூச்செடிக்கு மட்டும் இது கூடாது, அதன் ஆணிவேரைக் குழப்பினால் கோபித்துக்கொண்டு போய்விடும், மெதுவாக உதறி வைத்தால் போதும். நட்ட பிறகு எல்லாச் செடிக்கும் கழுத்தைச் சுற்றி, இலைக்கு அடியில் புகுத்தி, வெறும் சல்லி 3 சென்டிமீட்டர். இந்தச் சல்லிக் காலர்தான் என் கணக்கில் முழு வேலையிலும் பெறுமதியான பகுதி. மண் தெறிக்காது, களை குறையும், கழுத்து உலர்ந்தே இருக்கும்.

இனிச் செடிகள். எல்லாவற்றையும் சொல்லப்போவதில்லை.

பிழையே விடமுடியாதது ஹவுஸ்வுர்ட்ஸ் என்கிற சதைப்பற்றுச் செடி, தாவரப் பெயர் செம்பர்விவம். கல்லுக்கு நடுவே ஒரு பிடி சல்லி இருந்தால் போதும். இந்த நாட்டில் பழைய ஆட்கள் அதை வீட்டுக் கூரையிலேயே வளர்த்தார்கள். முதல் வருடம் ஒன்று ஒரு சாண் தண்டு விட்டுப் பூத்துவிட்டுச் செத்தது, நான் பதறிப்போனேன். பதற ஒன்றுமில்லை, அது வாழை மாதிரி. குலை தள்ளினால் தாய் முடிந்தது, சுற்றிவரக் குட்டிகள் நிற்கும்.

எனக்கு மிகவும் பிடித்தது வெள்ளிச் சக்சிஃப்ராகா, பனிக்குலாட்டா இனம். ஸ்டைன்ப்ரெஹ் என்று ஜெர்மன் பெயர், கல்லுடைப்பான் என்றுதான் லத்தீன் பெயருக்கும் அர்த்தம். இலையோரத்தில் வரிசையாக வெள்ளைப் புள்ளி. நகத்தால் சுரண்டினேன், கேத்தலில் இருக்கிற அதே படை. வேர் இழுத்த தண்ணீரில் இருக்கிற சுண்ணாம்பை இலையோரத் துளைகளால் வெளியே தள்ளுகிறது, தண்ணீர் ஆவியாகச் சுண்ணாம்பு அங்கேயே படிகிறது. நான் வினாகிரி ஊற்றிக் கேத்தலோடு படுகிற பாட்டை இது அலங்காரமாக்கி வைத்திருக்கிறது. செங்குத்து இடுக்கில் நாலு வைத்தேன், இப்போது பதினேழு ரோஜாவட்டம், ரோஜாப்பூ போல வட்டமாக இலை அடுக்கின கொத்துகள்.

அதே குடும்பத்தில் ஊதாப்பூச் சக்சிஃப்ராகா, ஓப்போசிடிஃபோலியா, என்னை அவமானப்படுத்தியது. வாலே மாநிலத்தில் இருக்கிற டோம் சிகரத்தில் 4,505 மீட்டரில் இதே செடி வளர்கிறது, ஐரோப்பாவில் அதற்கு மேலே பூக்கிற செடி எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. அவ்வளவு குளிரில் பிழைக்கிறது என் வாசலில் ஜூலை 33 பாகையில் நாலே நாளில் பழுப்பானது. இரண்டாவது செடியைப் பெரிய கல்லின் வடக்குப் பக்க நிழலில் வைத்தேன். இருக்கிறது, அவ்வளவுதான், பூ இன்னும் இல்லை.

எடல்வைஸ் புதுக் கலவையில் 11 சென்டிமீட்டருக்கு மேலே போகவில்லை, பழைய வெள்ளைக் கம்பளியும் வந்துவிட்டது. நடுவில் ஒருநாள் மனைவி, "இஞ்சாருங்கோ, அரிசி கழுவின தண்ணி மிச்சம் இருந்தது, உந்தக் கல்லுப் பூவுக்கும் ஊத்தினனான், பாவம் ஒண்டுமே குடுக்கிறேல்லை நீங்கள்" என்றாள். ஒரு நாள் என்றால் பரவாயில்லை. மூன்று கிழமையாக நடந்திருக்கிறது. அந்தப் பக்கம் இருந்தது மட்டும் 16 சென்டிமீட்டர். கறிவேப்பிலைச் சாடிக்கு மாற்றிவிட்டோம், அதற்கு நல்லது. ஒரு கூடுதல் தகவல்: சுவிஸ் இராணுவத்தில் ஜெனரல் தரத்து அதிகாரிகளுக்கு நட்சத்திரத்துக்குப் பதிலாக எடல்வைஸ்தான் தரச்சின்னம். அதைச் சொன்ன பிறகுதான் மகன் அந்தச் செடியைத் திரும்பிப் பார்த்தான்.

லெவிசியா வட அமெரிக்காவின் மேற்குப் பக்கத்துச் செடி, ஆல்ப்ஸ் இல்லை, ஆனால் அந்தப் பூவின் நிறத்துக்காக விதியைத் தளர்த்தினேன். முதல் தடவை நேராக நட்டு, ரோஜாவட்டத்தின் நடுவில் தண்ணீர் தேங்கி அழுகி ஒன்று போனது. இப்போது கல் வைக்கும்போதே இரண்டு கல்லுக்கு நடுவில் படுக்கவைத்து, முகம் வெளியே பார்க்க நட்டிருக்கிறேன். மழை பெய்தால் வழிந்து போகும். சுவரில் ஆணி அடித்து மாட்டின மாதிரி இருக்கும், பழகிவிடும்.

என்சியான். நீல எக்காளம் மாதிரிப் பூ, தண்டே இல்லாமல் தரையில் இருந்து நேராக எழும்பும். இதில் பார்வைக்கு ஒரே மாதிரி இரண்டு இனம், ஒன்றின் பெயர் குளுசியை, மற்றது அகாவ்லிஸ். குளுசியை மலையில் சுண்ணாம்புப் பாறையில் காணலாம், அகாவ்லிஸை சுண்ணாம்பு இல்லாத மண்ணில். பூவின் தொண்டைக்குள் பச்சைப் புள்ளிகள் இருந்தால் அகாவ்லிஸ். இந்தக் கணக்கைப் படிக்கும் முன்னமே நான் வாங்கியது அகாவ்லிஸ். இரண்டு வருடம் இலை மட்டும், நல்ல பச்சை, ஒரு மொட்டுக்கூட இல்லை. மேல்மாடி அம்மாவிடம் கேட்டேன். இடத்தை மாற்று, கொஞ்சம் கனமான மண் கொடு, காலால் மிதித்து இறுக்கு என்றார். மிதிக்கவா? ஓம், மிதி. சரிவின் அடியில், வெயில் கூடிய இடத்தில், தோட்ட மண்ணை ஒரு பங்கு கூட்டி வைத்து, மனமில்லாமல் சுற்றிவர மிதித்தேன். போன ஏப்ரலில் மூன்று பூ. இடமா, மண்ணா, மிதியா எது காரணம் என்று கேட்காதீர்கள், மூன்றையும் ஒரே நாளில் மாற்றிவிட்டேன். குளுசியை ஒன்றும் இப்போது பக்கத்தில் இருக்கிறது, அது வந்த அடுத்த வசந்தமே ஒன்றும் கேட்காமல் பூத்தது.

மலையில் இருந்து பிடுங்கிக்கொண்டு வரலாமே என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். வேண்டாம். இவற்றில் பல சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அதோடு உள்ளங்கை அளவு செடிக்குக் கை நீள வேர் இருக்கும், நீங்கள் கொண்டுவருவது தலையை மட்டும்தான்.

விதையில் இருந்து வளர்க்கிறது மலிவு, பொறுமை வேண்டும். பல்சட்டில்லாவின் விதை பஞ்சு வால் வைத்துக்கொண்டு ஜூனில் பறக்கத் தயாராகும், அப்போதே பிடித்து அப்போதே தூவினால் சில கிழமையில் முளைக்கிறது. டிராயரில் வைத்து அடுத்த வசந்தம் தூவினது ஒன்றும் முளைக்கவில்லை. என்சியானுக்குக் குளிர் கண்டால்தான் உறக்கம் கலையும், டிசம்பரில் சாடியில் தூவி, மேலே மெல்லியதாகச் சல்லி போட்டு, வெளியே பனியில் விட்டுவிட வேண்டும். ஏப்ரலில் ஊசிமுனை அளவு பச்சை தெரிந்தது. பூ பார்க்க மூன்று வருடமாவது போகும்.

எதிரிகள். கல் இடுக்கு செடிக்கு எவ்வளவு பிடிக்குமோ ஓடில்லாத நத்தைக்கும் அவ்வளவு பிடிக்கும். சின்ன மணிப்பூக் கம்பனுலா ஒன்று இரண்டு இரவில் மொட்டையானது. நெற்றி விளக்கைக் கட்டிக்கொண்டு மழை விட்ட இரவுகளில் இறங்கிப் பொறுக்குகிறேன், அதோடு நத்தையைக் கொல்கிற இரும்புப் பொஸ்பேட் மணிகள் கொஞ்சமாக. அதைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாதது. இரண்டாம் ஏப்ரலில் ஆரிகுலா என்கிற மலைப் பிரிமுலா வாடியது, தண்ணீர்தான் குறைவு என்று நினைத்து ஊற்றினேன், இன்னும் வாடியது, லேசாக இழுத்தால் வேரே இல்லாமல் கையோடு வந்தது. கீழே மண்ணில் அரைவட்டமாகச் சுருண்ட வெள்ளைப் புழு, தலை பழுப்பு, ஏழு எண்ணினேன். கறுப்பு மூக்கு வண்டின் குஞ்சுகள். வண்டு இரவில் இலையோரத்தை அரைவட்டமாகக் கடிக்கும், அதைப் போன கோடையிலேயே பார்த்திருந்தும் நத்தை என்று விட்டுவிட்டேன். ஓகஸ்ட் கடைசியில், மண் 12 பாகைக்கு மேலே சூடாக இருக்கும்போது, அந்தக் குஞ்சுகளைக் கொல்கிற நூற்புழுக்களைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். அதற்குப் பிறகு புழு காணவில்லை.

தண்ணீர் முதல் வருடம் மட்டும் ஒழுங்காக, அதுவும் காலையில். இப்போது இரண்டு கிழமை சேர்ந்தாற்போல் மழை இல்லாவிட்டால்தான் குழாயைத் தொடுகிறேன். நவம்பர் நடுவில் ஆண்ட்ரோசாசே என்கிற, மெத்தை போல வளர்கிற செடிக்கும் லெவிசியாவுக்கும் மேலே ஒரு கண்ணாடித் துண்டு, பழைய படச்சட்டத்தில் கழற்றினது, நாலு கல்லில் தாங்க வைக்கிறேன். பக்கங்கள் முழுக்கத் திறந்திருக்க வேண்டும், குளிர்காற்று தாராளமாக அடிக்கட்டும், மழை மட்டும் படக்கூடாது. தபால்காரர் ஒருநாள் நின்று, செடிக்குக் குளிருமா என்று கேட்டார். இல்லை, குடை என்றேன். உறைந்து இளகின பிறகு பெப்ரவரியில் ஒரு சுற்றுப் பார்க்க வேண்டும், நிலம் உப்பிச் சின்னச் செடிகளை வெளியே தள்ளியிருக்கும், கட்டைவிரலால் அமத்திச் சல்லி போட வேண்டும்.

இந்தக் கணக்கில் 26 செடி நட்டு மூன்று குளிர்காலத்தில் போனது 5. ஒன்று வெயிலில், ஒன்று புழுவில், ஒன்று நான் நேராக நட்ட லெவிசியா, இரண்டுக்குக் காரணம் தெரியாது.

போன செப்டெம்பரில் ஒரு தூஃப் கல் வாங்கினேன், ஊற்றுத் தண்ணீர்ச் சுண்ணாம்பு படிந்து உண்டானது, கடற்பஞ்சு மாதிரித் துளை, தண்ணீரைத் தானே இழுக்கும். துளைப்பானால் 2 சென்டிமீட்டர் விட்டத்தில் 8 சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சாய்வாக மூன்று ஓட்டை போட்டு, விரல்நகம் அளவு சக்சிஃப்ராகாக் கன்றுகளைத் துளைத்த தூளோடு சேர்த்து நுழைத்து, கல்லின் அடியை அரைவாசி சல்லியில் புதைத்து வைத்திருக்கிறேன். ஒன்று பிடித்துவிட்டது, புது இலை தெரிகிறது. மற்ற இரண்டும் இன்னும் பச்சைதான், ஆனால் லேசாக இழுத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது.